பெற்றது 16.8.90

ஏரோகிராம் ஒன்று. நீல நிறம். உள்ளே எழுதியிருக்கும் திகதி 2.8.90, இடம் யாழ்ப்பாணம். ஆனால் தபால் முத்திரை கொழும்பு, 8.8.90. சண்டை மூண்டிருந்த அந்த நாட்களில் யாரோ கையோடு கொண்டுவந்து கொழும்பில் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர் அப்பாவின் தங்கை, எங்களுக்கு மாமி. பின்பக்கத்தின் கீழ் மூலையில் பச்சை மையில் அப்பாவின் கையெழுத்து: "பெற்றது 16.8.90."

அந்தத் திகதியில்தான் சிக்கல். அம்மா இந்தக் கடிதத்தை அப்பாவின் கையில் கொடுத்தது ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பக்கத்தில் நின்று பார்த்தேன். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் குடும்பமாக அயர்லாந்தின் நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

அப்பா திகதியில் பிழை விடுகிறவர் அல்லர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தபோது, வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் அவருடைய முதல் வேலை. லண்டனில் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்துக்கு மாறிய பிறகும் பஞ்சுப் பொதியானாலும் ஊசிப் பெட்டியானாலும் திகதி போட்டுத்தான் உள்ளே எடுப்பார். வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கும் அதே நடைமுறை. இந்தத் திகதிப் பைத்தியம் எனக்கு அவரிடமிருந்து தொற்றியது.

எண்பதுகளில் பிள்ளைகளாக இங்கே வந்து இப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் உங்களில் பலரிடமும் இப்படியொரு அட்டைப் பெட்டி இருக்கும். பெற்றோர் போன பிறகோ, அவர்கள் சிறிய வீடொன்றுக்கு மாறிய பிறகோ நம் பொறுப்பில் வந்து சேரும் பெட்டி. எறிய மனம் வராது. வாசிக்கக் களைப்பாக இருக்கும். அப்பா 2017இல் காலமானார். பெட்டியை நான் சென்ற மாரிகாலத்தில்தான் திறந்தேன்.

முதலில், ஏன் அயர்லாந்து என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் பெப்ரவரியில் அப்பாவுக்குக் குடற்புண் வெடித்து இரத்தம் போனது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகக் கிடப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் கட்டிலுக்கு வரும் போர்வையில் களஞ்சிய முத்திரை சரியாக விழவில்லை என்று தாதியிடம் முறைப்பட்டாராம். விடுகிற நாளில் டொக்டர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் நான். உறைப்புக் கூடாது, கவலை கூடாது, எங்கேயாவது நல்ல காற்றுப் படுகிற இடத்துக்குப் போய் ஒரு கிழமை இருக்க வேண்டும்.

ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அயர்லாந்து அம்மையார் இருந்தார். கணவரை இழந்தவர். பின்வளவு வேலிக்கு மேலால் அப்பாவும் அவரும் தக்காளிச் செடிகளைப் பற்றிக் கதைப்பார்கள். அவருடைய சகோதரர் மேற்கு அயர்லாந்தில், கிளேயர் பகுதியில், பண்ணை வைத்திருந்தார். பண்ணையில் வெறுமனே கிடந்த பழைய வீடொன்றில் ஒரு கிழமை வந்து இருக்கச் சொல்லி அந்த அம்மையார்தான் ஒழுங்கு செய்தார். எங்கள் நால்வருக்கும் அந்த வசந்தத்தில்தான் கடவுச்சீட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. எங்கள் முதல் விடுமுறை அது. கடைசியும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. அம்மா குசினியில் ஹோர்லிக்ஸ் போத்தல்களில் அரிசியும் பருப்பும் நிரப்பிக்கொண்டிருந்தார். கதவடியில் விழுந்த ஏரோகிராமை நான்தான் எடுத்துவந்தேன். ஊர்க் கடிதம் வந்தால் அப்பா வந்துதான் பிரிப்பார். அதுவரை பொறுக்க முடியாத அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடிதத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் அமுக்கிக் குழல்போல ஆக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். இரண்டு மூன்று சொற்கள் அகப்படும். அன்றைக்கும் அப்படிப் பார்த்தார். பார்த்தவர் கையைக் கீழே விடவில்லை.

"பிள்ளை, உன்ரை கண் நல்ல கண். மேலை சுழி கிடக்கோ எண்டு பார்."

ஊர்க் கடிதமென்றால் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கும், அதன் கீழே சிவமயம் என்று இருக்கும். சாவுச் செய்தி கொண்டுவரும் கடிதத்துக்கு மட்டும் அது போடுவதில்லை. நான் பார்த்தேன். மேலே வெறும் நீலம்.

"இல்லையம்மா."

அம்மா கத்தியால் ஓரத்தை மெல்ல நீவிப் பிரித்தார். நின்றபடியே வாசித்தார். பிறகு மாடிப்படியின் கீழ்ப் படியில் போய் உட்கார்ந்தார். அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, ஜூலை 30 திங்கட்கிழமை விடியற்காலை காலமாகிவிட்டார். காய்ச்சல்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. மகன் யாரும் ஊரில் இல்லாததால் மாமியின் கணவர் கொள்ளி வைத்தார். "அந்தியேட்டியை மூத்த மகன் நீங்கள் அங்கே செய்வதுதான் முறை" என்று மாமி எழுதியிருந்தார். அப்பா தன் தகப்பனைக் கடைசியாகக் கண்டது 1982இல்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. மச்சம் மாமிசம் இல்லை, கோயில் இல்லை, மகன் முகம் வழிப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, அதோடு துடக்குக் கழியும். அம்மா விரல் மடிப்புகளில் பெருவிரலை வைத்து எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார்.

"இருவத்தொன்பதாம் திகதி அந்தியேட்டி வருது. நாங்கள் இருவத்தைஞ்சு வந்திடுவம். நாலு நாள் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. இப்ப சொன்னா மனுசன் வெளிக்கிடாது. இஞ்சை அறைக்குள்ளை கிடந்து யோசிச்சு யோசிச்சுத் திரும்பவும் வயித்தை வெடிக்க வைக்கும். போய்வந்து நானே சொல்லுறன். நாலு நாள் போதும்."

"பொய்யெல்லோ அம்மா அது?"

"பொய்யில்லை. பிந்திச் சொல்லுறது."

குசினி மேசையின் லாச்சியை இழுத்து, உள்ளே விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்கு அடியில் கடிதத்தை வைத்தார். மூன்றரை மணிக்கு அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஊர்க் கடிதம் ஏதும் வந்ததே?"

"இல்லையப்பா. லைப்ரரியிலயிருந்து பிள்ளைக்கு ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமையும் அப்பா வேலைக்குப் போய் வந்தார். சனி விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம்.

பழைய டட்சன். பின்னால் சோறு அவிக்கும் மின்சாரச் சட்டி, இரண்டு போர்வை, போத்தல்கள், தம்பியின் சிவப்பு மழைச் சப்பாத்து. பக்கத்து வீட்டு அம்மையார் இரவு உடுப்போடு வாசலுக்கு வந்தார். காரின் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வழி சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்பாவின் மடியில் வரைபடம் விரித்தபடி இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"முகத்தை வழிக்கேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"லீவிலை நிக்கிற மனுசனுக்கு முகம் என்னத்துக்கு?"

அம்மா தன் பக்கத்துக் கார்க் கதவைச் சாத்தினார். வேறு நாளென்றால் விட்டிருக்க மாட்டார். தானாகவே ஒன்று சரியாக நடக்கிறது என்று அவருக்குள் ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருந்தது.

ஹோலிஹெட்டிலிருந்து கப்பல். தம்பி பாதி வழியில் சத்தி எடுத்தான். அம்மா தேசிக்காயை முகரக் கொடுத்தார். அவன் அதன்மேலும் எடுத்தான். கப்பலின் மேல்தட்டில் காற்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. சேலைக்கு மேல் அப்பாவின் மழைக் கோட்டைப் போட்டு, கோட்டுக்கு மேல் இடுப்பில் துவாயைக் கட்டி நின்றார். முதல் படம் அங்கே எடுத்தது. படச்சுருள் இருபத்துநான்கு. எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நெகட்டிவ் இலக்கப்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு வழியில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் வீட்டுக்காரி தட்டு நிறையப் பன்றி இறைச்சியும் சொசேஜும் பொரித்துக் கொண்டுவந்தார். அம்மா என் தட்டின் மேல் கையை வைத்தார். எனக்கும் துடக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா பாணும் தேநீரும் போதும் என்றார். தம்பி மூன்று பேருடையதையும் தின்றான். நெய் போல மின்னிய உதட்டோடு நிமிர்ந்து, "இஞ்சையே இருப்பம்" என்றான்.

ஞாயிறு மத்தியானம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்மதில்கள், ஈரம், மாடுகள், எல்லாவற்றிலும் கரி மண் எரிகிற புகை மணம். இன்றைக்கும் எங்காவது ஈரச் சருகு எரிந்தால் எனக்கு அந்த வாசல் ஞாபகம் வரும். பண்ணைக்காரர் உயரமான கிழவர். அம்மாவுக்குத் தலையசைத்தார், எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அப்பாவிடம் வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார். உடனே விடவில்லை. அப்பாவும் இழுக்கவில்லை. நாட்டுப்புறத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பண்ணைக்காரர் அன்றைக்குப் பிடித்த ஆறு கானாங்கெளுத்தி மீனைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். முதுகு நீலமும் கறுப்பும் வரியாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்தார்கள்.

"எனக்கு வேண்டாமப்பா" என்றார் அப்பா. "டொக்டர் மச்சம் குறைக்கச் சொன்னவர்."

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. மீன் நல்லது என்றுதான் சொன்னார். மொழிபெயர்த்தவள் நான்.

"நானும் இண்டைக்கு விரதம்" என்றார் அம்மா.

"என்ன விரதம்?"

"திங்கட்கிழமையெல்லோ."

"லண்டனிலை திங்கட்கிழமை வாறேல்லையோ?"

"இஞ்சை வந்தாப்போலை ஒரு யோசனை வந்தது. பிடிக்கப்போறன்."

தம்பி தனக்குப் பொரித்துத் தரச் சொல்லி அழுதான். ஒரே சட்டி, மணம் பிடிக்கும் என்று அம்மா மறுத்துவிட்டார். திருப்பிக் கொடுத்தால் பண்ணைக்காரர் மனம் நோகும் என்று அப்பா மீனை வீட்டுப் பின்புறத்து உருளைக்கிழங்குப் பாத்தியில் கிடங்கு வெட்டித் தாட்டார். அடுத்த நாள் காலை பண்ணைக்காரரின் நாய் ஆறையும் கிளறி எடுத்து, வரிசையாக வாசலில் கொண்டுவந்து போட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதே நேரம் பால் வாளியோடு பண்ணைக்காரரும் வந்தார். மீனைப் பார்த்தார். அப்பாவின் மண் பிடித்த சப்பாத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பாலை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் கொண்டுவந்ததெல்லாம் பாலும் கிழங்கும் கோவா போன்ற மரக்கறியும். ஒரு நாளாவது ஒரு முட்டைகூட வரவில்லை. அந்தப் பண்ணையில் குறைந்தது முப்பது கோழி நின்றது.

அம்மாவின் விரதங்கள் புதன்கிழமையோடு தீர்ந்துபோயின. செவ்வாய்க்கு அம்மனைச் சொன்னார். புதனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இண்டைக்கும் பருப்போ?" என்று தம்பி கேட்டான்.

"உன்ரை அம்மா அயர்லாந்துக்கு வந்து சாமியாராப் போட்டா" என்றார் அப்பா. "பேசாமல் தின்னு. நாங்களும் சீடப்பிள்ளையள்தான்."

அம்மா சிரித்தார். பிறகு குசினிக்குள் போனார். நான் பின்னால் போனபோது குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கழுவப் பாத்திரம் எதுவும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் பண்ணைக்காரர் எங்களை ஒரு புனிதக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். வயலுக்கு நடுவே ஒரு மதில், அதில் சின்ன இரும்புப் படலை. உள்ளே முள்மரம் ஒன்று. கிளையெல்லாம் நேர்த்திக்காகக் கட்டிய துணிக் கிழிசல்கள். அம்மா லண்டனில் மாதா கோயிலைக் கண்டாலும் மெழுகுதிரி கொளுத்தாமல் வரமாட்டார். துணி கட்டிய மரத்தைக் கண்டால் முதலாவதாக ஓடுகிறவர். படலையடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"நீங்கள் பிள்ளையளோடை போட்டு வாங்கோ. எனக்குக் கால் உளையுது."

"நீ போ" என்றார் அப்பா. "நான் காரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"காரை இஞ்சை ஆர் களவெடுக்கப்போறான்? மாடோ?"

"அயர்லாந்து மாடு. சொல்ல ஏலாது."

பண்ணைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம்பியையும் என்னையும் தானே உள்ளே கூட்டிப்போனார். நான் படலையைத் தாண்டும்போது, உள்ளே போகக் கூடாதவள் போகிறேனே என்று தயங்கினேன். திரும்பிப் பார்த்தேன். படலையின் வலப்பக்கத் தூணோடு அம்மா, இடப்பக்கத் தூணோடு அப்பா. இரண்டு பேரும் உள்ளே பார்க்காமல் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படம் பதினான்கு அதுதான். உள்ளேயிருந்து நான் எடுத்தது. அப்பாவின் தாடையில் நரைமுடி தெளிவாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை கடற்பாறைகளைப் பார்க்கப் போனோம். மேற்கே அமெரிக்காவரை வேறு நிலம் இல்லை என்று அப்பா சொன்னார். கீழே கடல் இடிக்கிற சத்தம் பாதத்தில் தெரிந்தது. அம்மா பெட்டியிலிருந்து பட்டுச்சேலை எடுத்து உடுத்தியிருந்தார். ஊருக்கு அனுப்புகிற படத்துக்கு நல்ல உடுப்போடு நிற்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் இருந்த சட்டம். உங்கள் பெட்டிகளிலும் அப்படிப் படங்கள் இருக்கும்; மற்றவர் காருக்குப் பக்கத்தில், மற்றவர் பூந்தோட்டத்தில். அப்பா எங்களை நிரையாக நிறுத்தினார். கமராவைக் கண்ணில் வைத்தார்.

"பிள்ளை, நிமிந்து நில். சிரி. அப்பப்பாவுக்கு அனுப்புற படம்."

நான் அழுதுவிட்டேன். அடக்க முடியவில்லை. அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்தார்.

"காத்துக்கு மண் விழுந்திட்டுது அவளின்ரை கண்ணிலை" என்றார்.

"மண்ணோ? பாறையிலை ஏது மண்?" என்று கேட்டுவிட்டு அப்பா படத்தை எடுத்தார். படம் பதினேழு. அதில் மூன்று பேரில் தம்பி மட்டும் சிரிக்கிறான்.

கடைசி நாள், வெள்ளிக்கிழமை, கரி வெட்டுகிற சதுப்பு நிலத்தில் நடந்தபோது தம்பியின் ஒரு சப்பாத்து சேற்றில் புதைந்துவிட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். அப்பாவும் நானும் முழங்கால்வரை இறங்கித் தடியால் கிண்டினோம். குனிந்து நின்ற அவருடைய முகம் எனக்கு மிகக் கிட்டே இருந்தது. வேறு யாரும் இல்லை. எட்டு நாளாக நெஞ்சில் கிடந்தது வாய்வரை வந்துவிட்டது.

"அப்பா, அப்பப்பா..."

அப்பா நிமிர்ந்தார். என்னை அல்ல, வானத்தைப் பார்த்தார்.

"மழை வருது பிள்ளை. சப்பாத்து கிடைக்காட்டிக் கிடக்கட்டும். வா."

கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். காருக்கு வரும்வரை கையை விடவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையை அவர் அப்படிப் பிடிப்பதில்லை. அந்தச் சிவப்புச் சப்பாத்து இன்னும் அங்கேதான் கிடக்கும். சதுப்பு நிலம் விழுங்கியது எளிதில் உக்காது என்று வாசித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26. அம்மா தலைக்கு முழுகி, ஈரத் தலையோடு லாச்சியைத் திறந்தார். கடிதம் வைத்த இடத்தில் இருந்தது. அப்பா பின்கதவடியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அதை நீட்டினார். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிரித்த ஓரத்தைப் பார்த்தார். உள்ளே விரித்தார். மெல்ல, வரி வரியாக வாசித்தார், அல்லது வாசிக்கிற நேரம் அளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அம்மா அழத் தொடங்கினார். "என்னைப் பேசுங்கோ" என்றார்.

"தனியவோ இதை வைச்சுக்கொண்டு திரிஞ்சனி?" என்று அப்பா கேட்டார்.

"பிள்ளைக்குத் தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலே தம்பி குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத் திறக்கத் தெரியாமல் கத்தினான். நான் ஓடினேன். கீழே திரும்பி வந்தபோது அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். அப்பா குருக்களுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். இடையில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது.

29ஆம் திகதி எங்கள் முன்னறையில் அந்தியேட்டி நடந்தது. அன்று காலை அப்பா முகம் வழித்தார். படங்கள் கழுவி வந்தன. ஒன்றும் ஊருக்குப் போகவில்லை.

இனி என் கணக்கு. படங்களில் தாடி ஒன்றிலிருந்து இருபத்துநான்குவரை வளர்ந்துகொண்டே போகிறது. மீன் இருக்கிறது, படலை இருக்கிறது. 1996இல் பக்கத்து வீட்டு அம்மையார் இறந்தபோது நாங்கள் தேவாலயத்தில் நடந்த இறுதிப் பூசைக்குப் போனோம். வந்தவர்கள் நிரையாக வந்து, தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் அந்தப் பண்ணைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அங்கே துக்கம் கேட்கிற முறை அது. அவரிடம் அப்போதே கேட்டிருக்கலாம். எனக்கு வயது பத்தொன்பது. கேட்க ஒன்று இருக்கிறது என்றே தெரியவில்லை. இப்போது அவரும் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. விடுமுறையில் முகம் வழிக்காத ஆண்கள் எத்தனையோ பேர். குடற்புண்காரர் மீனை மறுப்பது அதிசயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படம் பதினேழு. தகப்பன் போய்விட்டார் என்று தெரிந்த ஒருவர், அவருக்கு அனுப்புகிற படம் என்று சொல்லி என்னைச் சிரிக்கச் சொல்லியிருப்பாரா? அம்மா சந்தேகப்படக் கூடாது என்பதற்காகச் சொல்லியிருக்கலாம். அல்லது உண்மையாகவே தெரியாமல் சொல்லியிருக்கலாம். இரண்டையும் மாறி மாறி நினைத்து நான் களைத்துவிட்டேன்.

சென்ற மாதம் கடிதத்தை எடுத்துக்கொண்டு குட்மேய்ஸில் இருக்கும் அம்மாவிடம் போனேன். எண்பது வயதை நெருங்குகிறார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பச்சை மை வரியைப் பார்த்தார்.

"16ஆம் திகதி வந்தது எண்டு நீங்கள் அவருக்குச் சொன்னனீங்களோ?"

"சொல்லியிருப்பன். அவர் கேட்டிருப்பாரெல்லோ."

"கேட்டவரோ?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? முப்பத்தைஞ்சு வருசம்."

"அவருக்கு முதலே தெரிஞ்சிருந்தா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"தெரிஞ்சுகொண்டுதான் இருந்தவர் எண்டா, நான் அந்த ஒரு கிழமையும் ஆருக்கு நடிச்சனான்? விடு. அதைக் கொண்டுபோய்ப் பெட்டியுக்கை போடு."

போட்டுவிட்டேன். போடுமுன் மற்றக் கடிதங்களையும் ஒருமுறை பார்த்தேன். வீட்டில் பெற்ற கடிதங்களில் எல்லாம் அப்பா நீல மையில்தான் திகதி போட்டிருக்கிறார். பச்சைப் பேனா ஆஸ்பத்திரிக் களஞ்சியத்துப் பேனா. மேசையில் நூலால் கட்டியிருக்கும், வீட்டுக்கு வராது. ஆகவே இந்த வரியை அவர் வேலையிடத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு நாள் எடுத்துப்போய் எழுதியிருக்கலாம். புறப்படுவதற்கு முந்திய நாள், ஆகஸ்ட் 17, அவர் காலை வேலைக்குப் போனபோதும் எழுதியிருக்கலாம். 26ஆம் திகதி அம்மா நீட்டியபோது பின்பக்கத்தை நான் கவனிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் கடிதம் குசினி லாச்சியில் பத்திரிகைத் தாளுக்கு அடியில்தான் கிடந்ததா என்பதை அம்மா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.